சார்லட் விமான விபத்தும் ஒரு கையெழுத்தும்

2003 ஜனவரி 8, புதன்கிழமை. காலை எட்டே முக்கால் மணி வாக்கில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் இருக்கும் சார்லட் விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானம் கிளம்பியது. ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 5481-ம் எண் சேவை. பீச்கிராஃப்ட் 1900டி ரகம், இரண்டு டர்போபிராப் எஞ்சின், 19 இருக்கை. அன்று 19 இருக்கையும் நிரம்பியிருந்தது. விமானிகள் இரண்டு பேர். போக வேண்டிய ஊர் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் கிரீன்வில்-ஸ்பார்ட்டன்பர்க், ஆகாய வழியில் சுமார் 120 கிலோமீட்டர்தான்.

தரையை விட்டு எழும்பி 37 விநாடி. அதற்குள் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஏறி, வேகம் செத்து, சரிந்து, அதே விமான நிலையத்தில் இருந்த யுஎஸ் ஏர்வேஸ் பராமரிப்புக் கொட்டகையின் மூலையில் மோதி எரிந்துவிட்டது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்துபோனார்கள்.

இந்த விபத்தைப் பற்றி அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சுருக்கமாக என்.டி.எஸ்.பி., 2004 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. நான் விமானத் துறை ஆள் இல்லை. கோவையில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். லேத்திலிருந்து வரும் ஜாப்பை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதனாலேயே இந்த அறிக்கை என்னை விடவில்லை. விமானம் விழுந்த கதையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், போகப் போக அது என் மேஜையில் தினமும் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றிய கதையாக ஆகிவிட்டது. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பார்க்கிறார் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் காரியம்.

சரி, விபத்துக்கு வருகிறேன்.

விசாரணைக் குழு போய்ச் சேர்ந்தபோது கைக்குக் கிடைத்தது கருகிய துண்டுகளும் இரண்டு பதிவுப் பெட்டிகளும். ஒன்று காக்பிட் பேச்சைப் பதிவு செய்தது, மற்றது விமானத்தின் அசைவுகளைப் பதிவு செய்தது. குழுவுடன் வாரிய உறுப்பினர் ஜான் கோக்லியா போயிருந்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற விமான மெக்கானிக்காகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த வாரியத்தில் உறுப்பினராக வந்த முதல் ஆள் அவர். ஸ்பேனர் பிடித்த கை. இந்த விபத்துக்கு அவர் போனது தற்செயலாக அமைந்திருக்கலாம், ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

வானிலை தெளிவாக இருந்தது, எனவே பனி, புயல் என்று எதையும் சொல்ல முடியவில்லை. எஞ்சின்கள் இரண்டும் ஒழுங்காக ஓடியிருக்கின்றன. பேச்சுப் பதிவில் கேப்டன், 25 வயதுப் பெண், துணை விமானியிடம் உதவி கேட்கிறார், ரேடியோவில் அவசரநிலை என்று அறிவிக்கிறார். துணை விமானிக்கு 27 வயது. இரண்டு பேரும் சேர்ந்து மூக்கைக் கீழே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். மூக்கு இறங்கவே இல்லை. ஒரு கட்டத்தில் விமானம் 54 டிகிரி வரை நிமிர்ந்திருக்கிறது. பயணிகள் விமானம் சாதாரணமாக ஏறும் கோணத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கொடூரம் என்று புரியும், அதில் பாதியைக்கூட நாம் பயணியாக உட்கார்ந்து அனுபவித்திருக்க மாட்டோம்.

மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் எலிவேட்டரின் வேலை. வாலில் இருக்கும் கிடைமட்ட இறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்து மாட்டிய பலகை அது. 1900டி விமானத்தில் வால் ‘டி’ எழுத்து வடிவில் இருக்கும், அதாவது அந்தக் கிடைமட்ட இறக்கை வாலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். விமானி தன் இருக்கையில் இருந்தபடி அதைப் பார்க்க முடியாது. கையில் இருக்கும் கன்ட்ரோலை முன்னால் தள்ளினால், விமானத்துக்குள் தரைப்பலகைக்கு அடியில் ஓடும் எஃகுக் கேபிள்கள் இழுத்து, பலகையின் விளிம்பு கீழே இறங்கும், வால் தூக்கும், மூக்கு தாழும். கேபிளின் இழுவிசையைக் கூட்டவும் குறைக்கவும் டர்ன்பக்கிள் என்று ஒரு முறுக்கி இருக்கிறது, கூடாரக் கயிறு கட்டுகிறவர்களும் லாரியில் சரக்குக் கட்டுகிறவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள்.

அசைவுப் பதிவுப் பெட்டியில் கடைசிப் பயணம் மட்டும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய பயணங்களும் இருந்தன. விசாரணைக்காரர்கள் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்: விபத்து நடந்த அந்த 37 விநாடியை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல், எலிவேட்டர் கன்ட்ரோலின் நிலையைக் காட்டும் அளவைப் பின்னோக்கி, பயணம் பயணமாக, எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது பயணம் பின்னால் போனதும் அந்த அளவு சட்டென்று வேறாக இருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் ஒரு மாதிரி, அதற்குப் பின்னால் எல்லாம் ஒரு மாதிரி. நடுவில் என்ன நடந்தது? ஜனவரி 6 இரவு, மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் ஊரில் பராமரிப்பு. அங்கே எலிவேட்டர் கேபிளின் இழுவிசையைச் சரிசெய்திருக்கிறார்கள்.

விபத்து நடந்த சில நாளுக்குள்ளேயே கோக்லியா இதைப் பொதுவில் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசிக்குள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், எஃப்.ஏ.ஏ., நாட்டில் உள்ள எல்லாப் பீச் 1900 விமானங்களிலும் எலிவேட்டர் முழுசாக நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. முழு அறிக்கை வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை, அதை நான் மரியாதையோடு குறிப்பிடுகிறேன்.

அந்த ஹண்டிங்டன் இரவுதான் இந்தக் கதையின் நடு.

விமானம் ஏர் மிட்வெஸ்டுடையது. பராமரிப்பை ரேதியான் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டிருந்தார்கள். அந்த நிறுவனம் மெக்கானிக்குகளை இன்னொரு நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம். அன்று எலிவேட்டர் கேபிள் வேலையைச் செய்த மெக்கானிக் இந்த ரக விமானத்தில் அதற்கு முன் அந்த வேலையைச் செய்ததில்லை. வேலையிலேயே பயிற்சி என்ற முறையில், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தவர் தர ஆய்வாளர். இழுவிசை குறைவாக இருக்கிறது, கூட்ட வேண்டும். மேனுவலில் இருப்பதோ எலிவேட்டர் அமைப்பு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து சரிப்படுத்தும் நீண்ட செயல்முறை: முதலில் எல்லாவற்றையும் நடுநிலையில் பூட்டு, அப்புறம் முறுக்கு, அப்புறம் பலகை மேலே எவ்வளவு போகிறது கீழே எவ்வளவு போகிறது என்று அள, இப்படிப் போகும். நமக்கு வேண்டியது இழுவிசை மட்டும்தானே, மற்ற படிகள் எதற்கு என்று பலவற்றை விட்டுவிட்டார்கள். விடலாம் என்று ஆய்வாளரும் ஒத்துக்கொண்டார். மெக்கானிக் டர்ன்பக்கிளை முறுக்கினார், கேபிள் இறுகியது, மீட்டரில் இழுவிசை சரியாக வந்தது.

வராமல் போனது எலிவேட்டரின் நகர்வு. நடுநிலையைப் பூட்டாமல் முறுக்கியதால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இருந்த ஒத்திசைவு விலகிப் போய், கன்ட்ரோலை முட்டும் வரை முன்னால் தள்ளினாலும் பலகை கீழே இறங்க வேண்டிய அளவில் பாதிதான் இறங்கியது. மூக்கைத் தாழ்த்தும் சக்தியில் பாதி போய்விட்டது. விட்டுவிட்ட படிகளில் முக்கியமான ஒன்றைச் செய்திருந்தாலே இது அப்போதே தெரிந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் வாலருகில் ஏணியில் ஏறி நின்று, இன்னொருவர் உள்ளே கன்ட்ரோலைத் தள்ள, கோணத்தை அளந்திருந்தால் அப்போதும் தெரிந்திருக்கும். அதுவும் நடக்கவில்லை.

அப்புறம் ஆய்வு. விமானத்தில் சில வேலைகளைச் செய்தவரே சரி என்று சொல்ல முடியாது, வேறொருவர் கட்டாயம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. எலிவேட்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பார்த்தவர் யார்? சொல்லிக் கொடுத்த அதே ஆய்வாளர். படிகளை விடலாம் என்று ஒத்துக்கொண்டவரே, அந்த முடிவு சரியா என்று பார்க்கவும் நின்றார்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் அந்த ஆய்வாளரைத் திட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். அவர் சோம்பேறி என்றோ கெட்ட எண்ணம் உள்ளவர் என்றோ நினைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ராத்திரி வேலை, காலையில் விமானம் கிளம்ப வேண்டும், புது ஆள் ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தந்தார். தான் சொன்னபடியே அந்தப் பையன் செய்திருக்கிறானா என்று பார்த்தார், செய்திருந்தான். தான் சொன்னதே போதுமானதா என்ற கேள்வி அவருக்கு வரவில்லை, அது வரவும் வராது. சொல்லிக் கொடுத்த கண்ணுக்குத் தன் பாடத்தில் விட்டுப்போனது தெரியாது. இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், இரண்டு கையெழுத்து இருந்தது, பார்வை மட்டும் ஒன்றுதான்.

எங்கள் கம்பெனியில் புதிதாக வரும் பையன்களுக்கு நானும் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த அறிக்கையைப் படித்த பிறகு, நான் சொல்லிக் கொடுத்துச் செய்ய வைத்த ஜாப்பை வேறொரு இன்ஸ்பெக்டர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பையன் கேட்டான், “ஏனுங்ணா, நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க, நீங்களே பார்த்தாப் போதாதுங்களா? இன்னொருத்தர் வர்ற வரைக்கும் ஜாப் சும்மா கெடக்குதுங்களே.” அவன் கேட்டது நியாயம்தான், ஜாப் சும்மா கிடக்கத்தான் செய்கிறது. நாங்கள் செய்வது பம்ப் உதிரிபாகம், அதில் யாரும் பறப்பதில்லை. இருந்தாலும் அவனுக்கு ஹண்டிங்டனில் நடந்ததை முழுசாகச் சொன்னேன். டர்ன்பக்கிளை முறுக்கிய இடம் வந்ததும் அவனே, “அப்ப கடைசீல ஆட்டிப் பார்க்கவே இல்லீங்களாண்ணா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் என்.டி.எஸ்.பி. பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

இப்போது ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. எலிவேட்டர் பாதிதான் வேலை செய்தது என்றால் அந்த விமானம் ஒன்பது முறை எப்படிப் பறந்தது? விமானிகள் கிளம்பும் முன் கன்ட்ரோலை ஆட்டிப் பார்ப்பார்கள், அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. விமானிகள் கவனிக்கும்படியாக அந்தக் குறை வெளியே தெரியவில்லை என்றுதான் விசாரணையும் சொன்னது. கன்ட்ரோல் சுலபமாக நகர்ந்தது, எதிலும் சிக்கவில்லை, வாலின் உச்சியில் பலகை எவ்வளவு போகிறது என்பது அவர்கள் கண்ணுக்கு எட்டாது. மற்றபடி, சாதாரணச் சுமையோடு பறக்கும்போது மூக்கைத் தாழ்த்த அந்த முழு சக்தியும் தேவைப்படாது. பாதியே போதும். பத்தாவது பயணத்தில் போதவில்லை.

அன்று விமானத்தில் என்ன இருந்தது என்பதுதான் விசாரணையின் இரண்டாவது பாதி, என் கணக்கில் அதுதான் அதிகம் மனதை உலுக்குகிற பாதி.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம் பின்பாரம் என்று சொல்வார்கள். பின்பாரம் கூடிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும். விமானத்திலும் அதே விதிதான், ஈர்ப்பு மையம் ஓர் எல்லைக்குப் பின்னால் போனால் மூக்கு தானாகத் தூக்கும், எலிவேட்டரை வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் விமானிகள் எடையும் ஈர்ப்பு மையமும் கணக்குப் போடுவார்கள். அன்றும் போட்டார்கள். கிளம்பும்போது அதிகபட்சம் 17,120 பவுண்டு இருக்கலாம். அவர்கள் கணக்கில் வந்தது 17,018. எல்லைக்குள், 102 பவுண்டு மிச்சம், நம் கணக்கில் 46 கிலோ. ஈர்ப்பு மையமும் எல்லைக்குள். காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் யாரையும் நிறுத்துப் பார்த்த எடை கிடையாது. பெரியவர் ஒருவருக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு, பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று எஃப்.ஏ.ஏ. ஒத்துக்கொண்ட சராசரிகள் இருந்தன. பெட்டி ஏற்றிய ஊழியர் இரண்டு பெட்டி ரொம்பக் கனமாக இருக்கிறது என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறார். பயணிகளில் ஒரு குழந்தை இருப்பதால் அது ஈடுகட்டிவிடும் என்று கேப்டன் சொன்னதாக அந்த ஊழியர் விசாரணையில் தெரிவித்தார். விதிப்படி பார்த்தால் கேப்டன் நினைத்ததில் தப்பில்லை. அவர் கையில் கொடுத்த சராசரிகள்தான் உண்மையாக இல்லை.

விசாரணைக் குழு உண்மை எடையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எப்படி? எரிந்த இடத்திலிருந்து மீட்ட பெட்டிகளை நிறுத்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களிடம், மருத்துவப் பரிசோதகரிடம் விவரம் கேட்டார்கள். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடுவது போல அறிக்கையை மூடிவைத்துவிட்டேன். மகளை, கணவரைப் பறிகொடுத்து நிற்கிறவர்களிடம் போய், அவர் என்ன எடை இருப்பார், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், கேட்டுத்தான் ஆக வேண்டும், அவர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைக் கூட்டினால் விமானம் அதிகபட்ச எடையைத் தாண்டி 580 பவுண்டு, அதாவது 260 கிலோவுக்கு மேல். பயணிகளின் உண்மையான சராசரி எடை கணக்கில் வைத்ததைவிட 20 பவுண்டுக்கும் மேல் கூடுதல். ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தின் 40 சதவீதப் புள்ளியைத் தாண்டக் கூடாது என்பது விதி, இருந்தது 45.5-ல். அறிக்கையின் பாஷையில் இது சான்றளித்த பின் எல்லைக்கு வெகுவாகப் பின்னால்.

ஆக மூக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கியது, அதை அமுக்க வேண்டிய எலிவேட்டர் வழக்கத்தில் பாதிதான் இருந்தது. பின்பாரம் மட்டும் இருந்திருந்தால் முழு எலிவேட்டர் அமுக்கிப் பிடித்திருக்கலாம். எலிவேட்டர் குறை மட்டும் இருந்தபோது ஒன்பது முறை பத்திரமாகப் போய் வந்தது. ஹண்டிங்டனில் முறுக்கியவரும், பல வருடம் முன்பு மேஜையில் உட்கார்ந்து சராசரி எடையை எழுதியவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர்கள் இருவர் வேலையும் சார்லட் ஓடுபாதையில் ஒரே காலையில் சந்தித்தன.

‘சராசரி’ மேல் எனக்குக் கோபம் உண்டு. 300 பேர் போகும் பெரிய விமானத்தில் சராசரி ஓரளவு நியாயமாக வேலை செய்யும், கனமானவரும் மெலிந்தவரும் கலந்து போவார்கள். 19 பேர் போகும் விமானத்தில் கலக்க ஆள் ஏது? இது கணக்குப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வரும் விஷயம். அதோடு, மனிதர்கள் காலப்போக்கில் எடை கூடியிருந்தார்கள், எண் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. விபத்துக்குப் பிறகு எஃப்.ஏ.ஏ. சின்ன விமானம் ஓட்டும் நிறுவனங்களைப் பயணிகளையும் பெட்டிகளையும் நிஜமாகவே நிறுத்துப் பார்க்கச் சொன்னது, அங்கேயும் 20 பவுண்டு வித்தியாசம் தெரிந்தது. 2004-ல் வந்த புது வழிகாட்டுதலில் கைப்பையோடு சேர்த்துப் பெரியவருக்குக் கோடையில் 190, குளிர்காலத்தில் 195 பவுண்டு என்று உயர்த்தினார்கள். செய்தது நல்லது, செய்ய 21 உயிர் தேவைப்பட்டது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என்.டி.எஸ்.பி. கடைசியில் காரணங்களை அடுக்கியபோது யாரையும் விடவில்லை. முதல் காரணம், எலிவேட்டரைத் தவறாக அமைத்ததும் அதோடு சேர்ந்த பின்பாரமும். துணைக் காரணங்கள்: ஹண்டிங்டனில் நடந்த வேலையை ஏர் மிட்வெஸ்ட் மேற்பார்வை செய்யாதது, அதன் பராமரிப்பு நடைமுறைகள், அதன் எடைக் கணக்கு முறை, ஆய்வாளர் பிழையைக் கண்டுபிடிக்காதது, எஃப்.ஏ.ஏ.வின் சராசரிகள், இவை எல்லாவற்றின் மேலும் எஃப்.ஏ.ஏ. வைத்திருக்க வேண்டிய கண்காணிப்பு இல்லாதது. இந்த வரிசையில் ஆய்வாளர் ஒரே ஒரு வரி. பத்திரிகைச் செய்தி அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். விசாரணை அங்கே நிற்காமல், அவரை அந்த இடத்தில் அப்படி நிற்க வைத்தது யார் என்று மேலே மேலே போனது.

பரிந்துரைகளில் நான் தேடியது ஒன்று இருந்தது: கட்டாய ஆய்வுப் பட்டியலில் உள்ள ஒரு வேலையை மெக்கானிக்குக்கு வேலையிலேயே சொல்லிக் கொடுத்த ஆய்வாளர், அதே வேலையைத் தானே ஆய்ந்து கையெழுத்திட அனுமதிக்கக் கூடாது. இன்னொன்று, விமானத்தின் முக்கியக் கட்டுப்பாட்டு அமைப்பில் எந்த வேலை செய்தாலும் முடிவில் முழுமையாக இயக்கிப் பார்க்கும் சோதனை வேண்டும். எங்கள் பையன் கேட்டது.

இது ஒரு தனி விபத்து, அதோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். 2013 ஜூலை 7-ம் தேதி அலாஸ்காவில் சோல்டோட்னா என்ற ஊரில் ஆட்டர் ரகச் சின்ன விமானம் ஒன்று கிளம்பிய உடனே மூக்கைத் தூக்கி விழுந்து பத்து பேர் இறந்தார்கள். அதில் பதிவுப் பெட்டி எதுவும் கிடையாது, அவ்வளவு சின்ன விமானத்துக்கு அது கட்டாயமும் இல்லை. பயணி ஒருவர் ஜன்னல் வழியாகக் கைபேசியில் வீடியோ எடுத்திருக்கிறார், கைபேசி தப்பியது. அந்த வீடியோவில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியை வைத்தே வேகத்தையும் உயரத்தையும் கோணத்தையும் கணக்கிட்டார்கள். மலைக்க வைக்கும் வேலை. கிடைத்த பதில் பழைய பதில்தான்: சரக்கின் எடை எழுதி வைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், நிறுத்துப் பார்க்கவில்லை, ஈர்ப்பு மையம் எல்லைக்குப் பின்னால். அந்தப் பயணிகள் தென் கரோலைனாவின் கிரீன்வில் ஊரைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள். பத்து வருடம் முன்பு 5481 போக வேண்டியிருந்த அதே பக்கம்.

சார்லட் விபத்தில் மகளை இழந்த ஒரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பணத்தோடு நிற்கவில்லை, பொதுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் அப்படிச் செய்வது அபூர்வம், வக்கீல்கள் விடமாட்டார்கள். 2005 மே மாதம் ஏர் மிட்வெஸ்டின் தலைவர் கிரெக் ஸ்டீவன்ஸ் சார்லட்டில் விமான நிலையத்துக்கு அருகே குடும்பங்கள் முன் நின்று, தங்கள் நிறுவனத்திலும் பராமரிப்பு நிறுவனத்திலும் இருந்த குறைகள் இந்த விபத்துக்குக் காரணமாயின என்று ஒத்துக்கொண்டு, வருந்துகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம் என்று சொன்னார். யாரோ வற்புறுத்தித்தானே சொன்னார் என்று கேட்கலாம். சொன்னார், பெயர் சொல்லிச் சொன்னார், ‘துரதிர்ஷ்டவசமான சம்பவம்’ என்று மழுப்பவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் நம் ஊரில் எத்தனை முறை அந்த மழுப்பலைக் கேட்டிருக்கிறோம்.

ஸ்டீவன்ஸ் வாசித்த அந்த மன்னிப்பு அறிக்கையில் பராமரிப்பு மேனுவலின் வாசகங்களும் பங்கு வகித்தன என்று ஒரு வரி இருந்தது. சிலருக்கு அது தப்பித்துக்கொள்ளும் வழியாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கேபிள் இழுவிசையை மட்டும் கூட்ட வந்தவன் எந்தப் படியை விடலாம், எதை விடவே கூடாது என்று அந்த மேனுவல் தெளிவாகச் சொல்லியிருந்தால், ஜனவரி 6 இரவு அந்த இரண்டு பேரும் அதைப் பற்றித் தங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலையே வந்திருக்காது. நாளைக்கு எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தைப் பையன்கள் வெறுமனே டிக் அடிக்கிறார்கள் என்று அவர்களையே கேட்கப் போகிறேன்.